வீட்டுக்கார அம்மாவின் எட்டு கிலோ

மாட்ரிட்டுக்குப் புதிதாக வந்த தம்பி இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார். வீட்டுக்கார அம்மா இந்த வீட்டை "எட்டு கிலோவுக்கு" வாங்கியதாகச் சொல்கிறாரே, அது என்ன கணக்கு? அலமாரியில் கிடந்த 5000 பெசெட்டா நோட்டை (யூரோவுக்கு முன் ஸ்பெயினில் ஓடிய பணம்) வங்கியில் மாற்றலாமா?

நோட்டு விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். மாற்ற முடியாது. ஸ்பெயின் மத்திய வங்கி 2021 ஜூன் 30 வரை பெசெட்டாவை வாங்கிக்கொண்டு யூரோ கொடுத்தது. அதோடு கதவை மூடிவிட்டார்கள்.

கிலோ என்றால் பத்து லட்சம் பெசெட்டா. ஒரு யூரோவுக்கு 166.386 பெசெட்டா என்று நிர்ணயித்தார்கள். அவ்வளவு நீள எண்ணை யார் மனதில் வைத்திருப்பது? ஆயிரம் பெசெட்டா ஆறு யூரோ, அது போதும். எட்டு கிலோ சுமார் 48,000 யூரோ. இன்று அந்த விலைக்கு மாட்ரிட்டில் கார் நிறுத்த இடம் வாங்கலாம், வீடு கிடைக்காது! சந்தையில் பெரியவர்கள் டூரோ என்று சொன்னால் ஐந்து பெசெட்டா, இருபது டூரோ என்றால் நூறு பெசெட்டா.

பெசெட்டா பிறந்தது ஒரு புரட்சியில். 1868 செப்டம்பரில் ராணி இசபெல்லாவை விரட்டினார்கள். அடுத்த மாதமே, அக்டோபர் 19 அன்று, தற்காலிக அரசின் நிதியமைச்சர் லவுரெயானோ ஃபிகெரோலா பெசெட்டாவைத் தேசிய நாணயமாக அறிவித்தார். நாணயத்தில் ராணியின் முகம் இருந்த இடத்தில், சாய்ந்து படுத்திருக்கும் ஒரு பெண்ணாக ஸ்பெயினையே வரைந்துவிட்டார்கள். 1936–39 உள்நாட்டுப் போரின்போது குடியரசுத் தரப்புக்கு ஒரு பெசெட்டா, அதை எதிர்த்த தளபதி ஃபிராங்கோ தரப்புக்கு வேறொன்று. தோற்ற பக்கத்தின் நோட்டை வைத்திருந்தவர்கள் பாடு திண்டாட்டம்தான். 1959இல் ஒரு டாலருக்கு 60 பெசெட்டா. 1992, 93இல் மட்டும் மூன்று முறை மதிப்பைக் குறைத்தார்கள்.

நான் வந்தபோது சம்பளம் பெசெட்டாவில்தான். 2002 ஜனவரியும் பிப்ரவரியும் இரண்டு பணமும் ஓடின. பெசெட்டா கொடுத்தால் மீதி யூரோவில் வரும், கடையில் வரிசை நகரவே நகராது. அதைவிட எரிச்சல் விலைதான். எதை எடுத்தாலும் நூறு பெசெட்டா என்ற கடைகள் எதை எடுத்தாலும் ஒரு யூரோ என்று மாறின. நூறு பெசெட்டா அறுபது சென்ட்தானே? இதை இன்றும் சொல்லிப் புலம்பாத பெரியவர் இங்கே கிடையாது. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்பேன்.

சட்டத்தில்கூட பெசெட்டாவின் தடம் இருந்தது. நிறுவனம் தொடங்கக் குறைந்தபட்ச மூலதனம் 3005.06 யூரோ என்று வைத்திருந்தார்கள். ஐந்து லட்சம் பெசெட்டாவை அப்படியே மாற்றிய கணக்கு அது.

அப்புறம், அந்த நோட்டு வீட்டுக்கார அம்மாவுடையதாகத்தான் இருக்கும், அவரிடமே கொடுத்துவிடுங்கள். அவர் வேண்டாம் என்றால், ஞாயிறு காலை மாட்ரிட் நடுவில் இருக்கும் பிளாசா மயோர் சதுக்கத்தில் நாணயச் சந்தை கூடும், அங்கே காட்டிப் பாருங்கள். கொலம்பஸ் படம் போட்ட 1992 வரிசை நோட்டு என்றால் ஏராளமாகக் கிடைப்பதுதான், கசங்கியிருந்தால் பெரிதாக எதுவும் தர மாட்டார்கள்.