மூன்றாவது முறையும் நீட் எழுதவைக்காதீர்கள்

சேர்வராயன் மலையில் நாகலூர்ப் பக்கம் மூன்று ஏக்கரில் காப்பியும் மிளகும் வைத்திருக்கும் ஒரு தகப்பனார், மனைவியோடும் மகளோடும் சேலத்துக்கு இறங்கிவந்து என்னைப் பார்த்தார். மகள் அரசுப் பள்ளியில் உயிரியலும் கணிதமும் சேர்ந்த பிரிவில் பிளஸ் டூ முடித்தவள். இரண்டு முறை நீட் எழுதினாள், 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருந்தும் இடம் கிடைக்கவில்லை. நாமக்கல் பயிற்சி மையத்தில் விடுதியோடு இன்னொரு வருடம் சேர்த்துவிடலாம், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார் பெரியப்பா. அத்தை வீட்டில் செயற்கை நுண்ணறிவுப் பொறியியல் என்கிறார்கள். பெண்ணுக்கோ காலநிலை மாற்றம் பற்றிய ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்று ஆசை. "அதைப் படித்தால் பிழைப்பு நடக்குமா சார்?" என்று தகப்பனார் கேட்டார்.

ஐயா, உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் அதற்காக அந்தப் பெண்ணை மூன்றாவது முறையும் நீட் எழுதவைக்காதீர்கள். 2024-இல் 23 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தத் தேர்வை எழுதினார்கள், அப்போது நாட்டில் எம்.பி.பி.எஸ். இடங்கள் ஏறக்குறைய 1.1 லட்சம்தான். அவள் மனமும் அதில் இல்லை. மனம் இல்லாத பெண்ணின் பத்தொன்பதாவது வயதை விடுதி அறையில் செலவழிக்க, பணம் கொடுப்பவருக்குக்கூட உரிமை இல்லை. பொறியியலைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதைச் சொல்ல ஊரில் ஆள் நிறைய இருக்கிறது.

பெண் கேட்கும் படிப்பு உங்களுக்குப் புதியதாகத் தோன்றலாம். அதன் பாடம் உங்கள் தோட்டத்தில்தான் இருக்கிறது. மார்ச், ஏப்ரலில் ஓர் அங்குல அளவுக்குப் பூ மழை பெய்தால், ஒரு வாரம் பத்து நாளில் செடி வெள்ளை வெளேரென்று பூத்துவிடும். பிறகு சில வாரங்களுக்குள் இன்னொரு மழை வந்தால்தான் பிஞ்சு நிற்கும். மழை முன்னே பின்னே போனாலோ, அரைகுறையாகப் பெய்தாலோ மகசூல் போயிற்று. நிழல் மரத்தை வெட்டி வெயில் விழும்படி விட்ட இடத்தில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வருவதும் உங்களுக்குத் தெரியும். வண்டு பட்டை வெடிப்பில் முட்டை வைக்கும். புழு தண்டைக் குடைந்துகொண்டே போகும். இலை பழுத்து வாடும்போதுதான் நாம் கவனிப்போம். அப்போது செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வழியில்லை. மழை மாறினால் காப்பிக்கு என்ன ஆகும் என்பது பாதிப்பு ஆய்வு. எந்த மரத்தை எவ்வளவு நிழலுக்கு விடலாம் என்பது தகவமைப்பு ஆய்வு. அந்த மரங்களும் மண்ணும் எவ்வளவு கரியை, அதாவது கார்பனை, பிடித்துவைக்கின்றன என்பது தணிப்பு ஆய்வில் சேரும்.

கடைசியாகச் சொன்னதை எப்படி அளக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பெண் செய்யப்போகும் வேலை எப்படிப்பட்டது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தோட்டத்தில் ஒரு பகுதியைக் கயிறு கட்டிப் பிரிப்பார்கள். அதற்குள் இருக்கும் ஒவ்வொரு சில்வர் ஓக், பலா மரத்தையும் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், அதாவது மார்பளவில், நாடா சுற்றி அளப்பார்கள். சுற்றளவிலிருந்து விட்டம், விட்டத்திலிருந்தும் உயரத்திலிருந்தும் மரத்தின் உலர் எடை என்று கணக்குப் போகும். உலர் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, 0.47 பங்கு, கரி என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அதை 3.67-ஆல் பெருக்கினால் அந்த மரம் காற்றிலிருந்து எடுத்துவைத்த கரியமில வாயுவின் அளவு வரும். மண்ணையும் 30 சென்டிமீட்டர் ஆழம்வரை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். வெயிலில் நிற்க வேண்டும், அட்டை கடிக்கும், கணக்குத் தவறினால் மறுபடி ஏற வேண்டும். உங்கள் மகளிடம் இதைச் சொன்னபோது, சரிவான நிலத்தில் கயிற்றின் நீளத்தை எப்படிக் கணக்கிடுவது என்று கேட்டாள். நல்ல கேள்வி. களத்தில் புதியவர்கள் பலர் தடுமாறும் இடம் அதுதான்.

மலையில் பழைய எஸ்டேட்டுகள் சிலவற்றில் மழையை அங்குலத்திலும் சென்ட்டிலும் (அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு) எழுதிவைத்த பதிவேடுகள் இருக்கின்றன. ஓர் இடத்தின் காலநிலை என்று பேசவே முப்பது வருட சராசரி தேவை. அந்த நோட்டுகளை மில்லிமீட்டருக்கு மாற்றி, விடுபட்ட நாட்களைக் குறித்து, ஒழுங்காகக் கணினியில் ஏற்றினாலே அது ஒரு முதுகலை ஆய்வுக்குப் போதிய பொருள். செயற்கைக்கோள் படங்கள் இலவசம்; லேண்ட்சாட் படங்களை 2008 முதல் எவரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். வரைபடம் போடும் கியூஜிஐஎஸ் மென்பொருளும் இலவசம். பெரியப்பாவுக்குச் செலவழிக்க மனம் இருந்தால் விடுதிக்குக் கட்டும் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து நல்ல மடிக்கணினி வாங்கித் தரச் சொல்லுங்கள்.

சமவெளியிலும் இந்த வேலைக்குத் தேவை இருக்கிறது. 2020-இல் கேரளத்தில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி பிறகு சேலம், நாமக்கல் வயல்களையும் பிடித்தது. வெயிலும் வறட்சியும் நீண்டால் பெருகும் பூச்சி அது. அதை அழிக்க, பெனின் நாட்டிலிருந்து வரவழைத்த சிறு ஒட்டுண்ணிக் குளவியை 2022-இல் நம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில்தான் விட்டார்கள். ஜவ்வரிசி ஆலைகளை நம்பி வாழும் மாவட்டத்தில் இதைவிடப் பயனுள்ள படிப்பு எது என்று எனக்குத் தெரியவில்லை.

இனி, எங்கே சேர்ப்பது என்பதற்கு வருகிறேன். இதில் நான் கண்டிப்பாக இருப்பேன். பெயரில் 'காலநிலை' என்றோ 'சுற்றுச்சூழல்' என்றோ இருக்கிறது என்பதற்காக லட்சக்கணக்கில் வாங்கும் தனியார் இளங்கலைப் படிப்பில் சேர்க்காதீர்கள். சேலம் அரசு மகளிர் கலைக் கல்லூரி போன்ற ஓர் அரசுக் கல்லூரியில் இயற்பியல், தாவரவியல், புள்ளியியல் ஆகியவற்றில் ஒன்றில் சேருங்கள். காரணம் இருக்கிறது. இந்திய வனப் பணித் தேர்வுக்கான தகுதிப் பட்டியலில் தாவரவியல், இயற்பியல், புள்ளியியல், வேதியியல், நிலவியல் எல்லாம் உண்டு. சுற்றுச்சூழல் அறிவியல் அதில் இல்லை. பள்ளி ஆசிரியர் வேலைக்குப் போக நேர்ந்தாலும் அடிப்படைப் பாடத்தைத்தான் கேட்பார்கள். முதுகலைக்கு வரும்போது சுற்றுச்சூழல் அறிவியலை எடுத்துக்கொள்ளலாம். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் துறை இருக்கிறது. பாண்டிச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. இளங்கலைக்குச் சொன்ன மூன்றில் எந்தப் பாடம் என்பதை அவள் முடிவு செய்யட்டும். கணக்கில் கை நன்றாக ஓடுவதைப் பார்த்தால் எனக்கு இயற்பியல் பிடிக்கும். அவள் தாவரவியல் என்றால் அதுவே சரி. ஆனால் புள்ளியியலைத் தனியாகவாவது கற்றுக்கொள்ளட்டும்.

அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்குத் தகுதி உண்டா என்று கல்லூரி அலுவலகத்தில் முதல் வாரமே விசாரியுங்கள்.

பிழைப்புக்கு நேரான பதில் இது: முதுகலை முடிக்கும் சமயத்தில் நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வை (இது நீட் அல்ல) எழுதி இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை பெற்றால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அதன் பிறகு 42,000 ரூபாய். கடினமான தேர்வு, முதல் தடவையில் கிடைக்காமல் போகலாம். ஆராய்ச்சி நிலையங்களில் திட்டப் பணியாளர் வேலைகளும் உண்டு. அவை ஒப்பந்த வேலைகள், திட்டம் முடிந்தால் முடிந்துவிடும். முனைவர் பட்டத்துக்கு ஐந்து வருடம்கூட ஆகும். இதையெல்லாம் மறைத்து உங்களிடம் சம்மதம் வாங்க எனக்கு விருப்பமில்லை. உதவித்தொகை இல்லாமல், கையிலிருந்து செலவழித்து முனைவர் பட்டத்துக்குச் சேர வேண்டாம். அதற்காக ஒரு சென்ட் நிலத்தையும் அடகு வைக்க வேண்டாம். அந்த நிலை வந்தால் வேலைக்குப் போய்க்கொண்டே மறுபடி தேர்வு எழுதட்டும்.

அம்மாவுக்கு ஒரு வார்த்தை. திருமண வயது தாண்டிவிடும் என்று நீங்கள் வெளியே வந்து தனியாகச் சொன்னீர்கள். இளநிலை ஆய்வாளர் உதவித்தொகைக்குப் பொது வயது வரம்பு 30. பெண்களுக்கு ஐந்து வருடம் தளர்வு உண்டு. எனவே எதையும் அவசரப்பட்டு முடிக்கத் தேவையில்லை. முதுகலை முடியும்வரை வரன் பேச்சை வீட்டில் எடுக்காதீர்கள். இப்போது உடனே செய்ய வேண்டியது சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இரண்டையும் புதுப்பித்து வைப்பது. அரசுக் கலைக் கல்லூரிகளுக்கான இணையவழி விண்ணப்பம் திறந்ததும் கடைசி நாள்வரை காத்திருக்காமல் அனுப்பிவிடுங்கள்.