கதவு சாத்தாத கொட்டகை

கேள்வி: அக்கா, எனக்கு 33 வயது. ஊர் திருமங்கலம். வீட்டுக்காரர் கப்பலூர் சிட்கோவில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். கல்யாணமாகி ஒன்பது வருடம் ஆகிறது. போன மாதம் அடகு நகையைத் திருப்பலாம் என்று பேங்குக்குப் போய் பாஸ்புக்கில் பதிவு போட்டேன். ஐந்து மாதத்தில் 199, 499, 1,500 என்று சின்னச் சின்னதாக 41,000 ரூபாய் போயிருக்கிறது. எல்லாம் கேள்விப்படாத பெயர்களுக்கு. அவர் தூங்கியபிறகு போனை எடுத்துப் பார்த்தேன். ஆபாசப் படங்கள். அது போக, ஏதோ ஒரு ஆப்பில் பெண்கள் நேரலையில் வருகிறார்கள். அவர்களுக்குத்தான் பணம் போயிருக்கிறது. மாமியாரிடம் சொல்லி அழுதேன். "உன் மாமனாரும் அந்தக் காலத்துல மார்னிங் ஷோ போனவருதான். ஆம்பளைன்னா அப்படித்தான், பெருசு பண்ணாத" என்கிறார். போன வருடம் ஒருநாள் எங்கள் இருவரையும் போனில் படம் எடுக்கலாமா என்று அவர் கேட்டார், நான் மறுத்துவிட்டேன். அந்தக் கோபமாக இருக்குமா? என்னிடம் என்ன குறை? மாமியார் சொல்வதுபோல விட்டுவிடுவதா?

பதில்: அன்புத் தங்கைக்கு,

உங்களிடம் ஒரு குறையும் இல்லை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. இந்தத் தளங்களும் ஆப்களும் கல்யாணம் ஆனவர், ஆகாதவர், மனைவியோடு சந்தோஷமாக இருப்பவர், சண்டை போட்டுக்கொண்டு திண்ணையில் படுப்பவர் என்று ஆள் பார்ப்பதில்லை. எல்லோரையும் ஒரே மாதிரிதான் பிடித்துவைக்கின்றன. எப்படிப் பிடிக்கின்றன என்று தெரிந்தால் உங்கள் மாமியார் சொன்னதற்கும் பதில் கிடைக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் என் சித்தப்பா மதுரை சிம்மக்கல் பக்கம் வீடியோ லைப்ரரி வைத்திருந்தார். கல்யாண வீடு, காதுகுத்து, ஊர்த் திருவிழா என்று டிவியும் டெக்கும் வாடகைக்குப் போகும். மேசைக்கு அடியில் பேப்பர் சுற்றிய நாலைந்து கேசட்டும் இருக்கும். லேபிள் ஒட்டியிருக்காது. கேட்கிறவர் குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார், சித்தப்பாவும் ஆளைப் பார்த்துத்தான் கொடுப்பார். மறுநாள் காலை திருப்பிக் கொடுக்காவிட்டால் இன்னொரு நாள் வாடகை. மார்னிங் ஷோவும் அப்படித்தான். முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு கவுண்டரில் நிற்க வேண்டும். உள்ளே ஊர்க்காரர் யாராவது இருந்துவிடுவாரோ என்று பயப்பட வேண்டும். படத்துக்கு நடுவில் இரண்டு மூன்று நிமிடம் பிட்டு ஓடும், அதற்குள் போலீஸ் வராமல் இருக்க வேண்டும். 2000-ஐ ஒட்டி மலையாள டப்பிங் படங்கள் ஒரு அலையாக வந்தபோதும் இதே கதைதான். அப்புறம் விசிடி வந்தது, பிளைவுட் தடுப்பு வைத்த பிரவுசிங் சென்டர் வந்தது, மெமரி கார்டில் படம் ஏற்றிக் கொடுக்கும் செல்போன் கடை வந்தது. எல்லாவற்றிலும் ஒன்று பொது: காசு கொடுக்க வேண்டும், நேரம் ஒதுக்க வேண்டும், குறைந்தது ஒரு மனிதராவது நம் முகத்தைப் பார்ப்பார். அந்த வெட்கமே ஒரு பிரேக்காக இருந்தது.

அந்த பிரேக்கைக் கழற்றியது ஸ்ட்ரீமிங். 2005-ல் யூடியூப் வந்தது. அடுத்த இரண்டு வருடத்துக்குள் அதே அச்சில் ஆபாசத் தளங்கள் வந்துவிட்டன; போர்ன்ஹப் 2007-ல் தொடங்கியது. படத்தை இறக்கிவைத்துக்கொள்ளக்கூட வேண்டாம், தொட்டால் ஓடும், காசும் கிடையாது. அதுவரை இந்தத் தொழிலின் தலைமையிடம் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸை ஒட்டிய சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கு. அங்குள்ள ஸ்டூடியோக்கள் கேசட்டும் டிவிடியும் விற்றுத்தான் சம்பாதித்தன. அவர்கள் படங்களை யார் யாரோ அனுமதி இல்லாமல் இலவசத் தளங்களில் ஏற்ற, டிவிடி வியாபாரம் படுத்துவிட்டது. நடித்தவர்களுக்கான சம்பளமும் வாய்ப்பும் சுருங்கின. திருட்டு விசிடியால் நம் தியேட்டர்காரர்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அங்கே இன்னும் ஒரு படி மேலே போய், இலவசத் தளங்களை நடத்திய மான்ட்ரியல் நிறுவனமே நொடித்துக்கொண்டிருந்த தொழிலில் பெயர் பெற்ற சில ஸ்டூடியோக்களை வாங்கிப் போட்டது. மான்வின், மைண்ட்கீக், 2023 முதல் ஐலோ என்று பெயரையும் மாற்றிக்கொண்டே வந்தது.

இலவசமாகக் கொடுத்துவிட்டு எப்படிச் சம்பாதிக்கிறார்கள்? விளம்பரத்தில். ஆள் எவ்வளவு நேரம் இருக்கிறாரோ அவ்வளவு விளம்பரம். இங்கேதான் உங்கள் மாமியாரின் கணக்கு தப்பாகிறது. கொட்டகைக்காரருக்கு டிக்கெட் கிழித்ததோடு வேலை முடிந்தது. காட்சி முடிந்து ஆள் வெளியே போனால்தான் அடுத்த காட்சிக்கு இடம் கிடைக்கும். இவர்களுக்கோ ஆள் வெளியே போகாமல் இருந்தால்தான் வருமானம். அதற்காகவே எந்தப் படத்தில் எத்தனை நொடி நின்றார், எதைத் தள்ளிவிட்டார் என்று குறித்துக்கொண்டு, அடுத்ததை எடுத்து நீட்டுகிறார்கள். உங்கள் மாமனார் போன கொட்டகைக்கு ஒரு மணிக்குக் கதவு சாத்திவிடுவார்கள். உங்கள் வீட்டுக்காரரின் தலையணைக்கு அடியில் இருப்பதற்குக் கதவே கிடையாது.

நம் ஊருக்கு இது முழுதாக வந்தது 2016 செப்டம்பரில், ஜியோ வந்தபோது. அதற்கு முன் ஒரு ஜிபிக்குச் சுமார் 250 ரூபாய் கொடுத்து எண்ணி எண்ணிச் செலவழித்தோம். அரசும் சும்மா இருக்கவில்லை. 2015 ஆகஸ்டில் 857 தளங்களை முடக்கச் சொல்லி, எதிர்ப்பு வந்ததும் சில நாளிலேயே தளர்த்தியது. 2018-ல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் சொன்னபிறகு 827 தளங்களை முடக்கியது. 2024 மார்ச்சில் 18 ஓடிடி தளங்கள், 2025 ஜூலையில் 25. ஒரு வாசலை அடைத்தால் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி இன்னொரு வாசல் திறக்கிறது. தடையை நம்பி நீங்கள் காத்திருக்க முடியாது.

சரி, எல்லாம் இலவசம் என்றால் உங்கள் 41,000 எங்கே போனது? படத்தைத் திருடலாம், நேரலையைத் திருட முடியாது. பெயர் சொல்லி ஒருவர் பேசுவதைத் திருட முடியாது. படங்களால் வருமானம் போனபிறகு தொழில் அந்தப் பக்கம் திரும்பியது. லண்டனில் 2016-ல் தொடங்கிய ஒன்லிஃபேன்ஸ் என்ற தளம், சந்தா கட்டினால் ஒரு பெண்ணின் பதிவுகளைப் பார்க்கலாம், அவரோடு பேசலாம் என்றது. வருவதில் 20 சதவீதம் தனக்கு, மீதி அவருக்கு. 2020 கொரோனா ஊரடங்கில் அது பெரிதாக வளர்ந்தது. நேரலை ஆப்களில் ரூபாயை முதலில் காயினாக மாற்றிவிடுவார்கள். காயினாக மாறிய பணம் கையில் இருந்து போவது உறைக்காது. அதனால்தான் 199, 499 என்று தெரிந்தது. இந்த ஆப்கள் பலவற்றில் பாதியோ அதற்கு மேலோ கம்பெனிக்குத்தான் போகிறது. ஒரு விஷயம் உங்கள் மனசுக்காகச் சொல்கிறேன்: அதிகம் சம்பாதிக்கும் பல கணக்குகளில் அந்தப் பெண் பதில் எழுதுவதே இல்லை. கூலிக்கு அமர்த்திய ஆட்கள், ஆண்களும்தான், அவர் பெயரில் உட்கார்ந்து ராத்திரி முழுக்கத் தட்டச்சு செய்கிறார்கள். "சாப்பிட்டீங்களா" என்று உங்கள் வீட்டுக்காரரைக் கேட்டது யார் என்று அவருக்கே தெரியாது. அந்தப் பெண்களிலும் விரும்பிச் செய்பவர் உண்டு, கடனுக்காகச் செய்பவர் உண்டு, மிரட்டப்பட்டு உட்கார்ந்திருப்பவரும் உண்டு. அவர்களைத் திட்டி உங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

படம் எடுக்க மறுத்தீர்களே, அது நூற்றுக்கு நூறு சரி. அமெரிக்காவில் சான் டியேகோ நகரில் நடந்த ஒரு வழக்கைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்கு மனசு சரியில்லை. மாடலிங் விளம்பரம் பார்த்துப் போன இளம்பெண்களிடம், "இது வெளிநாட்டில் டிவிடியாக மட்டும் விற்கும், இணையத்தில் வராது" என்று சொல்லிப் படம் எடுத்தார்கள். எல்லாம் இணையத்தில் ஏறியது, சொந்த ஊரில் எல்லோரும் பார்த்தார்கள். 22 பெண்கள் சேர்ந்து வழக்குப் போட்டு, 2020 ஜனவரியில் சுமார் 1.27 கோடி டாலர் இழப்பீடு என்று தீர்ப்பு வாங்கினார்கள். படம் திரும்பி வரவில்லை. அதே வருடம் டிசம்பரில், சம்மதமில்லாத படங்களும் குழந்தைகளைச் சீரழித்த படங்களும் போர்ன்ஹப்பில் இருப்பது பத்திரிகையில் வெளிவந்து, விசாவும் மாஸ்டர்கார்டும் பணப் பரிவர்த்தனையை நிறுத்தின. உடனே யார் ஏற்றினார்கள் என்று சரிபார்க்காத படங்களை எல்லாம் அந்தத் தளம் எடுத்தது. ஏறக்குறைய ஒரு கோடி. அத்தனை நாள் அவற்றில் இருந்தவர்களுக்குத் தெரியுமா, சம்மதமா என்று யாரும் கேட்டிருக்கவில்லை. கேசட் காலத்தில் ஒரு படத்தைத் தீயில் போட்டு அழிக்க முடிந்தது. இன்று ஒருமுறை ஏறிவிட்டால் பிரதி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அவர் கோபித்துக்கொண்டாலும் இதில் இறங்கிப் போகாதீர்கள்.

சட்டம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உறவில் யாராவது "கேஸ் போடு" என்று கிளப்புவார்கள், அதனால் சொல்கிறேன். 2025 மார்ச்சில் நம் ஒத்தக்கடைப் பக்கம் இருக்கிற உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒரு விவாகரத்து வழக்கில் தீர்ப்பு சொன்னது. அதில் புகார் சொன்னவர் கணவர், படம் பார்ப்பதாகச் சொல்லப்பட்டவர் மனைவி. தனியாகப் பார்ப்பது மட்டுமே துணைக்குக் கொடுமை ஆகாது, துணையைக் கட்டாயப்படுத்தினால் அது வேறு என்றார்கள் நீதிபதிகள். அந்தப் பழக்கம் நல்லதல்ல என்பதையும் அதிலேயே சொன்னார்கள். எனக்கு அந்தக் கோடு சரியாகவே படுகிறது. ஆனால் பார்ப்பது வேறு, அனுப்புவது வேறு. வாட்ஸ்அப் குரூப்பில் ஃபார்வர்டு செய்தாலே தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67-ஏ பிரிவில் முதல் முறையே ஐந்து வருடம் வரை சிறை உண்டு. குழந்தைகள் சம்பந்தப்பட்ட படம் என்றால் வேண்டுமென்றே பார்ப்பதும் வைத்திருப்பதுமே குற்றம். 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்படிப்பட்ட குரூப் எதிலாவது அவர் இருந்தால் அன்றைக்கே வெளியே வரட்டும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. பாஸ்புக்கை இன்னொருமுறை நிதானமாகப் பாருங்கள். 199, 499 போக, ஒரே நாளில் ஐயாயிரம், பத்தாயிரம் என்று இரண்டு மூன்று தொகை தனி ஆட்களின் பெயருக்குப் போயிருக்கிறதா? இருந்தால் அது வேறு விவகாரம். வீடியோ காலில் வரச்சொல்லி, இவரைப் பதிவு செய்துகொண்டு, "உன் மனைவிக்கு அனுப்புவேன்" என்று மிரட்டிப் பறிக்கிற கும்பல்கள் உண்டு. அப்படி மாட்டியவர்கள் வீட்டில் சொல்ல முடியாமல் தனியாகத் தவித்து, உயிரையே விட்டிருக்கிறார்கள். அதனால் அவரிடம் பேச உட்காரும்போது முதல் கேள்வி "ஏன் பார்த்தீங்க" என்பதாக இருக்கக் கூடாது. "யாராவது மிரட்டுறாங்களா, இருந்தா சொல்லுங்க, நான் கூட இருக்கேன்" என்பதாக இருக்கட்டும். ஆமாம் என்றால், இன்னொரு ரூபாய் அனுப்பாமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். அந்தரங்கப் படம் வெளியாகிவிட்டால், பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்த 24 மணி நேரத்துக்குள் தளங்கள் அதை நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021-ன் விதி சொன்னது; 2026 பிப்ரவரியில் அதை இரண்டு மணி நேரமாகக் குறைத்துவிட்டார்கள்.

இல்லை என்றால், பணத்திலிருந்து தொடங்குங்கள். ஒழுக்கத்திலிருந்து தொடங்கினால் அவர் வாயை மூடிக்கொள்வார். யுபிஐ ஆப்பில் ஆட்டோபே என்று ஒரு பகுதி இருக்கும், கேட்காமலே தானாகப் பணம் எடுக்க அனுமதி கொடுத்த பெயர்கள் அதில் இருக்கும். அதில் தெரியாத பெயர்களை எல்லாம் இருவரும் சேர்ந்து ரத்து செய்யுங்கள். பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து இறக்கிய ஆப் எதுவாக இருந்தாலும் நீக்கிவிடுங்கள், அவை போனில் உள்ள போட்டோவையும் தொடர்பு எண்களையும் எடுத்துக்கொள்ளக்கூடும். இரவில் இரண்டு போனும் கூடத்தில் சார்ஜில் கிடக்கட்டும். உங்களுடையதும்தான். ஷிஃப்ட் முடிந்து விடியற்காலை வந்து தூக்கம் பிடிக்காமல் புரள்கிறவர்கள் இதில் எளிதாக விழுகிறார்கள். அவருக்கு எந்த நேரத்தில் கை அங்கே போகிறது என்று கேளுங்கள், அவருக்கே தெரிந்திருக்கும்.

விட நினைத்தும் முடியவில்லை என்று அவர் சொன்னால் நம்புங்கள். கட்டுப்படுத்த முடியாத பாலியல் பழக்கத்தை உலக சுகாதார நிறுவனம் 2022-ல் நடைமுறைக்கு வந்த தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டலாம். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழில் பேசலாம்.

உங்கள் மாமியார் மேல் கோபப்படாதீர்கள். மாமனார் மார்னிங் ஷோ போனது அவருக்குத் தெரிந்திருக்கிறது பாருங்கள். அன்றைக்கு அவரும் யாரிடமோ போய் அழுதிருக்கலாம், இதே பதிலைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்திருக்கலாம். இன்னொருமுறை பேச்சு எடுத்தால், "அத்தை, மாமா டிக்கெட்டுக்குக் கொடுத்தது சில்லறைக் காசு, இங்க நகை போகுது" என்று மட்டும் சொல்லுங்கள். மற்றபடி இந்தப் பேச்சில் அவரைச் சேர்க்க வேண்டாம், கொழுந்தனாரையும் சேர்க்க வேண்டாம். வாரத்தில் வீட்டுக்காரருக்கு ஷிஃப்ட் இல்லாத நாளாகப் பாருங்கள். மத்தியானம் சாப்பிட்ட பிறகு, மாமியார் கண்ணயர்ந்திருக்கும் நேரத்தில், பாஸ்புக்கும் அடகுச் சீட்டும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுங்கள். நகையைத் திருப்ப இன்னும் எவ்வளவு வேண்டும் என்ற கணக்கை முதலில் அவரையே கூட்டிச் சொல்லச் சொல்லுங்கள். என்ன நடந்தது என்று எனக்கு மறுபடி எழுதுங்கள்.