படிக்கிற சுகம்: சேலம் வாசகர்களின் கேள்விகளும் என் பதில்களும்

சேலத்திலும் ஏற்காட்டிலும் இருக்கிற வாசக நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பரீட்சைக்கோ வேலைக்கோ இல்லாமல், மனசுக்குப் பிடித்துப் படிப்பதைப் பற்றித்தான் எல்லாமே. கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

அம்மாப்பேட்டை: அக்கா, மதியம் வேலையெல்லாம் முடிஞ்சு ஒரு மணி நேரம் நாவல் படிக்கிறேன். "இதைப் படிச்சு என்ன ஆகப்போகுது"ன்னு மாமியார் கேக்கறாங்க. "உலகத்தையே மறந்து உட்கார்ந்திருக்கா"ன்னு வீட்டுக்காரர் சொல்றார். உலகத்தை மறக்கிறது தப்பா?

தப்பே இல்லைம்மா. அதே ஒரு மணி நேரம் நீங்கள் சீரியல் பார்த்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். டிவி பார்க்கிறவரை நடுவில் கூப்பிடலாம், காய் நறுக்கச் சொல்லலாம், பாதி காதாவது இந்தப் பக்கம் இருக்கும். புத்தகத்தில் இறங்கியவர் அந்த வீட்டிலேயே இல்லை. கூப்பிட்ட குரலுக்கு வராத ஒரு மணி நேரம்தான் மற்றவர்களை உறுத்துகிறது. கதையில் அவர்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

வீட்டில் இருக்கிற பெண்ணுக்கு அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு பெரிய சொத்து என்பது எனக்குத் தெரியும். 1972-ல் வெளிவந்த ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யைக் கையில் எடுத்தால், இரண்டாம் உலகப் போர்க் காலத்து மெடான் தெருவில் நடக்கலாம், பினாங்குக்குக் கடல் தாண்டலாம். தறிச் சத்தம் கேட்கிற வீட்டில் உட்கார்ந்தபடியே இது நடக்கிறது. தப்பி ஓடுகிறவர் திரும்பி வரமாட்டார். நீங்கள் நாலு மணிக்குக் காபிக்குப் பால் வைக்கிற நேரத்துக்கு வந்துவிடுகிறீர்கள்.

மாமியாரிடம் வாதம் செய்ய வேண்டாம். ராத்திரி சாப்பாடு ஆனதும் அன்று படித்த கதையை அவருக்குச் சொல்லிப் பாருங்கள். அவர் வயதுக்காரர்கள் பலர் வார இதழ்த் தொடர்கதை கேட்டு வளர்ந்தவர்கள். வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். எந்தத் தொடரைக் கேட்டார் என்று விசாரியுங்கள். நாலு நாள் கழித்து "அப்புறம் என்ன ஆச்சு" என்று அவரே கேட்டாலும் கேட்பார்.

ஐந்து ரோடு: ஐடி வேலை. காலேஜ் படிக்கும்போது ராத்திரி முழுக்க நாவல் படிச்சவன் நான். இப்ப ரெண்டு பக்கம் தாண்டல, கை தானா போனுக்குப் போகுது. என்ன பண்றதுங்க?

உங்கள் வயதுக்காரர்கள் நிறையப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள். சோம்பேறித்தனம் என்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். நிமிஷத்துக்கு ஒரு புது விஷயம் காட்டுகிற பொருளோடு நாள் முழுக்கப் பழகிய மனசு, நாவலின் முதல் இருபது பக்கத்துக்குப் பொறுமையாக இருக்காது. திரும்பப் பழக்க முடியும்.

போனை வேறு அறையில் சார்ஜ் போடுங்கள். கவிழ்த்து வைத்தால் போதாது, எழுந்து போய் எடுக்கிற தூரத்தில் இருக்க வேண்டும். பிறகு, முதல் பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். உதடும் காதும் சேர்ந்தால் கண் அலையாது. ஒரு பக்கம் போனதும் குரல் தானாக அடங்கிவிடும், அப்போது நீங்கள் உள்ளே போயாயிற்று.

அப்புறம், எந்தப் புத்தகம் என்பது முக்கியம். கனமான இலக்கிய நாவலில் ஆரம்பிக்காதீர்கள். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை வாரத் தொடராக வந்தது. அடுத்த வாரம் வரை வாசகரைக் கட்டி வைக்க வேண்டியிருந்ததால், ஒவ்வொரு அத்தியாயமும் கதவு தட்டப்படுகிற இடத்திலோ கத்தி உருவப்படுகிற இடத்திலோ போய் நிற்கும். அத்தியாயங்களும் சின்னவை. படிப்பு விட்டுப்போனவர்களுக்கு இந்த வார்ப்பு மிகவும் உதவுகிறது. ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்தியத்தேவன் வீராணம் ஏரிக்கரையில் குதிரை ஓட்டி வருகிற முதல் அத்தியாயத்தைத் தாண்டிவிட்டால், ஒன்றோடு நிறுத்த உங்களுக்கே மனசு வராது. சரித்திரக் கதை ஒத்துவராது என்றால் துப்பறியும் கதை எடுங்கள், பேய்க்கதை எடுங்கள். ஆரம்பத்துக்கு வேகம் இருந்தால் போதும்.

சூரமங்கலம்: ஆரம்பிச்ச புத்தகத்தை முடிச்சே ஆகணுமா?

வேண்டாம். ஐம்பது பக்கம் கொடுத்துப் பாருங்கள், ஒட்டவில்லை என்றால் மூடிவிடுங்கள். பிடிக்காத புத்தகத்தை இழுத்துக்கொண்டிருக்கிற அந்த மாதத்தில்தான் பலர் படிப்பையே விட்டுவிடுகிறார்கள்.

சிவதாபுரம்: கொலுசுப் பட்டறையில வேலை பாக்கறேன். காலையில உட்கார்ந்தா ராத்திரிதான் எந்திரிப்பேன். காதுல கதை கேக்கறேன். இது படிக்கிறதுல சேருமாக்கா, சேராதா?

தாராளமாகச் சேரும் தம்பி. நம் சேலம், தருமபுரிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் படிப்பார்கள், விடிய விடியக் கூத்து நடக்கும். ஒரு வரிகூட எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகள் கர்ணன் சாகிற இடத்தில் அழுததை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைவிடப் பாரதம் தெரிந்தவர் யார்?

காதால் கேட்பதற்கு என்று சில புத்தகங்கள் நன்றாக அமையும். ஒரே ஆள் தன் கதையைத் தானே சொல்கிற நாவல்கள், பேச்சு வழக்கில் எழுதப்பட்டவை, நாட்டுப்புறக் கதைகள் எல்லாம் சுகமாக இருக்கும். முன்னும் பின்னும் தாவுகிற கதை, வீடு நிறையப் பாத்திரங்கள் இருக்கிற கதை கஷ்டம். வளையத்தைக் கோக்கும்போது காதில் வாங்குவது விட்டுப்போகும், பெயர் குழம்பும். அந்த மாதிரிக் கதைகளை ஏற்கெனவே கேட்டதாக இருந்தால் மட்டும் போடுங்கள். நெருப்பு வைத்துப் பற்றவைக்கிற நேரத்தில் ஒரு காதை மட்டும் கதைக்குக் கொடுங்கள், இன்னொன்று பட்டறையில் இருக்கட்டும்.

ஏற்காடு, நாகலூர்: அம்மா, மழைக்காலம் வந்தா என் புத்தகமெல்லாம் பூஞ்சை பிடிச்சிடுது. அட்டையில வெள்ளையா படியுது, வாசனையும் மாறிப்போகுது. அப்பா சேர்த்து வச்ச புத்தகங்க. எப்படிக் காப்பாத்தறது?

1,500 மீட்டர் உயரத்தில், மூடுபனி ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்து போகிற ஊர் உங்களுடையது. காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் பல நாள் நின்றால் காகிதத்தில் பூஞ்சை வளர ஆரம்பித்துவிடும். அப்பாவின் புத்தகம் என்கிறீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அலமாரி நிற்கிற இடத்தைப் பாருங்கள். வெளிச்சுவரை ஒட்டி நின்றால் சுவரின் குளிர்ச்சி அப்படியே புத்தகத்துக்கு இறங்கும். உள்சுவருக்கு மாற்றுங்கள், முடியாவிட்டால் நாலு விரல் இடைவெளியாவது விட்டு நகர்த்துங்கள். புத்தகங்களை நெருக்கி அடைக்காதீர்கள். ஒன்றை உருவினால் பக்கத்தில் இருப்பது சேர்ந்து வரக்கூடாது. பாலித்தீன் பையில் கட்டி வைப்பது பலர் செய்கிற காரியம், அது ஈரத்தையும் உள்ளேயே சேர்த்துக் கட்டிவிடும். மூடிய அலமாரி என்றால் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு, அவை ஈரம் குடித்ததும் மாற்றுங்கள். வெயில் அடிக்கிற நாளில் அலமாரிக் கதவைத் திறந்து மின்விசிறியை ஓட விடுங்கள்.

பூஞ்சை வந்துவிட்ட புத்தகத்தை மற்றவற்றிலிருந்து உடனே பிரியுங்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் கறை காகிதத்துக்குள் இறங்கிவிடும். முதலில் காற்றில் நன்றாக உலரட்டும். பிறகு வாசலுக்குக் கொண்டுபோய், மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷால் புத்தகத்தின் முதுகிலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். இளவெயிலில் கொஞ்ச நேரம் வைக்கலாம். மத்தியான வெயில் கூடாது, காகிதம் மஞ்சளாகி முதுகுப் பசை விரிசல் விடும்.

ராமபாணப் பூச்சி வருகிறதா என்றும் பாருங்கள். அதற்கும் ஈரம்தான் பிடிக்கும், பசையில் இருக்கிற மாவுச்சத்தைத் தின்ன வரும். எல்லாவற்றையும்விட, மாதம் ஒரு முறை ஒவ்வொரு புத்தகத்தையும் கையில் எடுத்துப் பக்கங்களை விசிறி விடுங்கள். கை படாத அலமாரியில்தான் பூஞ்சை நிம்மதியாகக் குடியேறும். அப்படி எடுக்கும்போது அப்பா கோடு போட்ட வரி ஏதாவது கண்ணில் படும், நின்று படித்துவிட்டு வையுங்கள்.

அஸ்தம்பட்டி: சனி ஞாயிறு ஏற்காடு போய் அமைதியா படிக்கலாம்னு ஆசை. பஸ்ல படிச்சா வாந்தி வருது. எங்கே உட்கார்ந்து படிக்கலாம்?

அடிவாரத்திலேயே புத்தகத்தைப் பையில் போட்டுவிடுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு. கண் அசையாத பக்கத்தைப் பார்க்கிறது, காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்போ உடம்பு திரும்புகிறது என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் வருகிறது. முன்பக்கம் உட்கார்ந்து ரோட்டைப் பாருங்கள்.

மே மாதம் போகாதீர்கள், கோடை விழாக் கூட்டத்தில் ஏரிப் பக்கம் நிற்கக்கூட இடம் கிடைக்காது. முடிந்தால் சனி ஞாயிறையும் விட்டுவிட்டு ஒரு வார நாளில் லீவு போடுங்கள். ஏரியையும் காட்சி முனைகளையும் தாண்டி, காபித் தோட்டம் பார்த்த மாதிரி திண்ணையோ வராந்தாவோ இருக்கிற சின்ன விடுதியாகப் பிடியுங்கள். மார்ச், ஏப்ரலில் முதல் மழைக்குப் பிறகு காபி பூக்கும். பக்கம் திருப்பாமலே கொஞ்ச நேரம் போய்விடும், அதுவும் நல்லதுதான்.

குகை: பையன் ஏழாம் வகுப்பு. காமிக்ஸ் மட்டும்தான் படிக்கிறான். நல்ல புத்தகம் எப்ப படிப்பான்?

அவன் இப்போதே நல்ல புத்தகம்தான் படிக்கிறான். சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸையும் லயன் காமிக்ஸையும் போர்வைக்குள் ஒளித்துப் படித்த தலைமுறையிலிருந்துதான் பெரிய பெரிய நாவல் வாசகர்கள் வந்தார்கள். பிடுங்கிவிடாதீர்கள். அவன் படித்ததை நீங்களும் எடுத்துப் படித்து, வில்லன் எப்படித் தப்பினான் என்று அவனிடம் கேளுங்கள். சாகசக் கதைப் புத்தகம் ஒன்றை அவன் கண்ணில் படுகிற மாதிரி வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள்.

கண்ணங்குறிச்சி: வயசு 47. அஞ்சு நிமிஷம் படிச்சா எழுத்து கலங்குது. படிக்கிற ஆசையே போயிடுச்சுங்க.

ஆசை போகவில்லை, வெள்ளெழுத்து வந்திருக்கிறது. நாற்பதைத் தாண்டினால் கண்ணின் லென்ஸ் இளக்கம் குறையும், எல்லோருக்கும் வருவதுதான். கடையில் தொங்குகிற கண்ணாடியைத் தேர்ந்தெடுக்காமல் கண் மருத்துவரிடம் போய்ச் சோதித்து வாங்குங்கள், இரண்டு கண்ணுக்கும் ஒரே அளவு இருக்க வேண்டும் என்பதில்லை. வெளிச்சம் தோளுக்குப் பின்னாலிருந்து பக்கத்தின் மேல் விழட்டும். மலிவுப் பதிப்புகளில் எழுத்து பொடியாக இருக்கும், அந்த மாதிரிப் புத்தகங்களை மின்னூலாக எடுத்து எழுத்தைப் பெரிதாக்கிப் படியுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை: மூட்டை தூக்கற வேலைங்க. படிக்க ரொம்ப ஆசை. ஆனா ஒரு நாவல் நானூறு, ஐந்நூறு ரூபா சொல்றாங்க. என்ன வழி?

ஐயா, நூலகம் உங்களுடையது. நூலக விஞ்ஞானி எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல் எழுதிய ஐந்து விதிகளில் முதல் விதியே, நூல்கள் பயன்பாட்டுக்கு என்பது. அவர் விடாமல் பாடுபட்டதால் 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. இன்றும் நம் ஊரில் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். நீங்கள் வாடகை வீட்டில் இருந்தாலும் அந்தக் காசு உங்கள் வாடகையில் இருக்கிறது. யாரிடமும் கூச்சப்பட வேண்டாம், வேலை உடுப்போடே போங்கள்.

ஆதார் அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், உறுப்பினர் படிவம் அங்கேயே கொடுப்பார்கள், கட்டணம் சிறியதுதான். போனில் படிக்க முடியும் என்றால் மதுரைத் திட்டம் என்கிற இணையத் தளம் 1998 முதல் தமிழ் நூல்களை இலவசமாகக் கொடுத்து வருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இருக்கிறது. கல்கி மாதிரி நாட்டுடைமை ஆன எழுத்தாளர்களை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், அதனால் மலிவுப் பதிப்புகள் நிறையக் கிடைக்கும்.

பொது நூலகங்களுக்குப் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை விடுமுறை. அதனால் வேறொரு நாள் வேலை இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். நாவல் அலமாரி எங்கே என்று நூலகரிடம் கேளுங்கள். ரொம்பப் பேர் எடுத்துப் போய், அட்டை நைந்து, ஓரம் மடங்கிய புத்தகமாகப் பார்த்து முதலில் எடுங்கள்.