ஒழுங்காக வேலைக்குப் போகிறவருக்குக் குடிநோய் இருக்குமா?

கேள்வி: என் சித்தப்பா தினமும் இரவு குடிக்கிறார். ஆனால் ஒரு நாளும் வேலைக்கு மட்டம் போட்டதில்லை, யாரோடும் சண்டையில்லை. இதைப் போய் நோய் என்று சொல்லலாமா?

சொல்லலாம். என் அப்பாவுக்கு இருந்தது. அது எங்களுக்குப் புரிய இருபது வருஷம் ஆனது.

மலேசியாவில் பீடோங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அப்பா வெளிக்காட்டுக் கிராணி, அதாவது வெளிவேலைக் கணக்கு எழுதுபவர். விடியுமுன்னே பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, அதற்கு ஒரு நாள் பிந்தியதில்லை. வீட்டுச் செலவுக்குக் குறை வைத்ததில்லை, அம்மா மேல் கை வைத்ததில்லை. ஸ்டோர் அறையில் உரமூட்டைக்குப் பின்னால் ஒரு பெரிய மைலோ டின் இருக்கும். அதற்குள் சம்சு என்ற மலிவுச் சாராயப் போத்தல்.

தோட்டத்தில் குடிகாரன் என்றால் சம்பளத்தன்று கால்வாய் ஓரம் கிடப்பவன், பெண்டாட்டியை அடிப்பவன். 1947இல் இதே பீடோங்கில் தோட்டத் தொழிலாளர்களின் தொண்டர் படை கள்ளுக்கடையை மூடச் சொல்லி மறியல் செய்தபோது தாத்தாவும் போய் நின்றிருக்கிறார். அப்படிப்பட்டவர் பெற்ற பிள்ளை, சட்டை மடிப்புக் கலையாத கிராணி. யாருக்குச் சந்தேகம் வரும்?

ஒன்றை மட்டும் நான் தினமும் பார்த்தேன். காலையில் கோப்பிக் குவளையை இரண்டு கையாலும் பிடிப்பார். செக்ரோல் என்ற ஆள் வருகைப் புத்தகத்தை விரித்துவிட்டு, எழுதாமலே எழுந்து ஸ்டோர் அறைக்குப் போவார். திரும்பி வந்தபின் எழுத்து முத்து முத்தாக விழும். கேட்டால், பனிக் குளிர் என்பார். நாங்களும் நம்பினோம்.

மழையில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர், "குடிப்பாரா?" என்று கேட்டார். அம்மா, "எப்பவாவது, திருநாளுக்கு" என்றார். மானத்துக்குப் பயந்து சொன்ன பொய். மூன்றாம் நாள் ராத்திரி அப்பா போர்வையிலிருந்து இல்லாத எறும்புகளைப் பொறுக்கத் தொடங்கினார். என்னைப் பார்த்து, "இன்னிக்கு எத்தனை பேர் வேலைக்கு?" என்றார். உடம்பெல்லாம் வேர்வை. நர்ஸ் என்னைத் தனியாக அழைத்துக் கேட்டபோதுதான் மைலோ டின்னைப் பற்றிச் சொன்னேன்.

குடி திடீரென்று நின்றால் உடம்பு அப்படித் தடுமாறும். சில மணி நேரத்திலேயே நடுக்கமும் வேர்வையும் வரும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் புத்தி குழம்பலாம். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். மருந்தும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்து அவரை மீட்டார்கள்.

அதனால், சித்தப்பா குடித்தபின் எப்படி இருக்கிறார் என்று பார்க்காதீர்கள். குடிக்காத காலையில் கை எப்படி இருக்கிறது, போத்தல் கிடைக்காத நாளில் தூக்கம் வருகிறதா, எரிந்து விழுகிறாரா என்று பாருங்கள். முன்பு அரை போத்தலில் வந்த மயக்கத்துக்கு இப்போது ஒரு போத்தல் வேண்டியிருக்கிறதா? ஒளித்து வைக்கிறாரா? தள்ளாடாமல் நடக்கிறார் என்பது ஆறுதல் இல்லை. உடம்பு அந்த அளவுக்குப் பழகிவிட்டது என்று அர்த்தம்.

இன்னொன்று, கெஞ்சிக் கேட்கிறேன். கோபத்தில் போத்தலை உடைத்து, "இன்னியோட விட்டுடுங்க" என்று சாமி மேல் சத்தியம் வாங்காதீர்கள். தினமும் நிறையக் குடிக்கிறவர் மருத்துவர் துணையில்லாமல் சட்டென்று நிறுத்துவது ஆபத்து. இங்கே அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டினால் டாக்டரைப் பார்க்கலாம். உலக சுகாதார நிறுவனம் தயாரித்த பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு சோதனை இருக்கிறது. அதை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சித்தியும் கூடப் போவது நல்லது, ஏனென்றால் அளவைச் சரியாகச் சொல்ல வீட்டில் ஒருவர் வேண்டும்.

அப்பா அதற்குப்பின் இரண்டு முறை மறுபடியும் தொட்டார், இரண்டு முறையும் கிளினிக்குக்குத் திரும்பினோம். இப்போது எந்த டாக்டரிடம் போனாலும், அவர் கேட்கும் முன்பே அம்மா சொல்லிவிடுகிறார்: "இருபது வருஷம், தினம் ஒரு போத்தல் டாக்டர்."