பராகுவேயிலிருந்து ஏத்தாப்பூருக்கு

கேள்வி: ஐ.நா., பருவநிலை மாநாடு என்று வருஷாவருஷம் நாடுகள் கூடுகின்றன, கலைகின்றன. குச்சிக்கிழங்கு போட்டுப் பிழைக்கும் எங்களுக்கு அதனால் ஆகப்போவது என்னங்க?
- வாசகர், ராசிபுரம்

பதில்: உங்கள் காட்டிலேயே பதில் இருக்கிறது.

2008-ல் கோவையில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சியை மறந்திருக்க மாட்டீர்கள். மெக்சிகோ பக்கத்துப் பூச்சி. இரண்டே வருஷத்தில் பப்பாளி, குச்சிக்கிழங்கு என்னும் மரவள்ளி, மல்பெரி எல்லாம் சுண்ணாம்பு தெளித்ததுபோல் வெளுத்து நின்றன. மருந்தடித்தால் பூச்சியின் மேல் இருக்கும் மெழுகில் ஒட்டாமல் வழிந்துவிடும். மல்பெரிக்காரர் பாடு இன்னும் மோசம். மருந்து பட்ட இலையைப் போட்டால் பட்டுப்புழுவே செத்துப்போகும். 2010-ல் அமெரிக்க வேளாண் துறை, போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை அனுப்பியது. பெங்களூரில் சோதித்தார்கள், கோவை வேளாண் பல்கலைக்கழகம் பெருக்கிக் கொடுத்தது. எள்ளைவிடச் சின்னக் குளவி. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். பொரிந்த புழு உள்ளிருந்தே தின்று தீர்த்து, காய்ந்த கூட்டில் ஓட்டை போட்டுக் குளவியாகப் பறக்கும். சில மாதங்களிலேயே செடிகள் துளிர்க்கத் தொடங்கின.

2020-ல் அடுத்தது வந்தது, மரவள்ளி மாவுப்பூச்சி. கேரளத்தில் தொடங்கி, சேலம், நாமக்கல் காடுகளில் குருத்தைச் சுருட்டிக் கொத்தாக்கியது. நமக்குத்தான் அது புதுசு. 1970-களிலேயே ஆப்பிரிக்காவில் புகுந்து, மரவள்ளியையே அன்றாடச் சோறாக உண்ட மக்களின் வயிற்றில் அடித்த பூச்சி அது. அதன் எதிரியான குளவியைப் பராகுவேயில் தேடிப் பிடித்து, லண்டனில் சோதித்து, 1981-ல் நைஜீரியாவில் விட்டார்கள். அந்த வேலைக்குத் தலைமை தாங்கிய சுவிட்சர்லாந்துக்காரர் ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவி 2021-ல் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து பெங்களூருக்கு வந்தது. 2022-ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் விவசாயிகள் முன்னிலையில் விடப்பட்டது. அதை அனுப்பிவைத்தவர்கள் ராசிபுரத்தைக் கேள்விப்பட்டிருப்பார்களா? இருந்தும் கேட்டபோது அனுப்பினார்கள்.

உங்கள் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க ஏழை நாடுகளுக்கு 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாக 2009-ல் கோபன்ஹேகன் பருவநிலை மாநாட்டில் பணக்கார நாடுகள் வாக்குக் கொடுத்தன. அந்தத் தொகை எட்டப்பட்டது 2022-ல்தான். காசு என்றதும் இழுத்தடிப்பதைக் கண்டித்தே ஆக வேண்டும், நானும் கண்டிக்கிறேன். அதற்காக, நாடுகள் கூடுவதே வீண் என்று நீங்கள் சொன்னால் ஒப்ப மாட்டேன். உங்கள் கிழங்கு லோடு ஜவ்வரிசி ஆலைக்குப் போவதில் பராகுவேக்கும் பெனினுக்கும் பங்கு இருக்கிறது.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். குளவி விட்ட காட்டில் அவசரப்பட்டு மருந்தடிக்காதீர்கள். பூச்சி மெழுகுக்குள் தப்பிவிடும், குளவிதான் முதலில் சாகும்.