'90 சதவீதம் துல்லியம்' என்று சொல்லும் மருத்துவ ஏஐ கருவியின் முடிவை நம்பலாமா?

நான் நர்சிங் மாணவிகளுக்குப் புள்ளியியல் பாடம் எடுக்கிறேன். இதே கேள்வி போன வருடம் என் வீட்டுக்குள்ளேயே வந்தது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் ஊரில் நடந்த மார்பகப் புற்றுநோய் முகாமுக்கு அக்கா போய்வந்தாள். மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) படத்தை முதலில் கணினி பார்க்கும் என்றார்களாம். மறுநாள் சாயங்காலம் போனில் ஒரு செய்தி: சந்தேகப்படும்படி ஏதோ இருக்கிறது, டாக்டரைப் பாருங்கள். அவ்வளவுதான், யாரும் கூப்பிட்டுப் பேசவில்லை. அன்றிரவு அவள் பீரோவைத் திறந்து மகளின் கல்யாணத்துக்குச் சேர்த்த நகையை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள் என்று அத்தான் பிறகு சொன்னார்.

காலையில் போய் ஒரு நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஆயிரம் பெண்கள் பரிசோதனைக்கு வருகிறார்கள். அதில் 10 பேருக்கு உண்மையிலேயே புற்றுநோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கருவி 90 சதவீதம் கண்டுபிடிக்கும் என்றால் 9 பேர் சிக்குவார்கள். நோய் இல்லாத 990 பேரில் 9 சதவீதத்தினரைக் கருவி தவறாகச் சந்தேகப்பட்டால் அது கிட்டத்தட்ட 89 பேர். ஆக, செய்தி வந்த 98 பேரில் நோய் உள்ளவர்கள் 9 பேர்தான். பதினொன்றில் ஒருவர். அக்கா அந்த நோட்டையே ரொம்ப நேரம் பார்த்தாள். "இதை அந்த மெசேஜிலேயே போட்டிருக்கலாமே" என்றாள்.

இந்தக் கணக்கு என்னுடையது இல்லை. ஜெர்மனியைச் சேர்ந்த உளவியலாளர் கெர்ட் கிகெரென்ஸர் 160 மகளிர் நோய் மருத்துவர்களிடம் இதே எண்களைக் கொடுத்துக் கேட்டார். ஆள் கணக்கில் போட்டுப் பார்க்கப் பயிற்சி கொடுப்பதற்கு முன் சரியான விடையைச் சொன்னவர்கள் 21 சதவீதம்தான். பெரும்பாலானவர்கள் பத்தில் எட்டு, ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இருக்கும் என்றார்கள். படித்து, தினமும் நோயாளிகளைப் பார்க்கிறவர்கள் அவர்கள். சதவீதமாகச் சொன்னால் மனித மூளை தடுமாறுகிறது, ஆள் கணக்கில் சொன்னால் புரிந்துகொள்கிறது.

சரி, அந்த 90 என்ற எண்ணாவது உண்மையா? அதை யார் அளந்தார்கள் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் எபிக் என்ற நிறுவனத்தின் மென்பொருள் பல நூறு மருத்துவமனைகளில் ஓடுகிறது. கிருமித்தொற்றால் உறுப்புகள் செயலிழக்கும் செப்சிஸ் வரப்போவதை முன்கூட்டியே எச்சரிக்கும் ஒரு வசதியும் அதில் உண்டு. நிறுவனம் நல்ல எண்களைத்தான் சொல்லியிருந்தது. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தங்கள் மருத்துவமனையின் 27,697 நோயாளிகளை வைத்துத் தாங்களே சரிபார்த்து 2021இல் வெளியிட்டார்கள். செப்சிஸ் வந்த 2,552 பேரில் 67 சதவீதத்தினரைக் கருவி தவறவிட்டிருந்தது. அப்படியும் மொத்தமாக அனுமதிக்கப்பட்டவர்களில் 18 சதவீதத்தினருக்கு அபாய மணி அடித்திருந்தது. வார்டில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். அடிக்கடி வீணாக அடிக்கும் மணியைக் கொஞ்ச நாளில் காது கேட்பதை நிறுத்திவிடும். எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது வேறொரு எண். உரிய நேரத்தில் ஆன்டிபயாடிக் கொடுக்கப்படாத நோயாளிகளில் இந்தக் கருவி கண்டுபிடித்தது 183 பேரை மட்டும். டாக்டர் ஏற்கெனவே கவனித்துவிட்டதைக் கருவியும் சொன்னால் நோயாளிக்கு என்ன லாபம்?

எல்லாக் கருவியும் மோசம் என்று நான் சொல்லவில்லை. சர்க்கரை நோயாளிகளின் விழித்திரைப் படத்தைப் படிக்கக் கூகுள் உருவாக்கிய கருவி உண்மையிலேயே நல்ல வேலை. 1,28,175 படங்களை வைத்துப் பழக்கினார்கள், மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவமனைகளின் படங்களும் அதில் இருந்தன. 2016இல் வந்த முடிவுகள் கண் மருத்துவர்களின் கணிப்போடு மிக நெருக்கமாகப் பொருந்தின. அப்புறம் அதைத் தாய்லாந்தில் 11 கிளினிக்குகளுக்குக் கொண்டுபோனார்கள். பல இடங்களில் இருட்டறை கிடையாது, படம் மங்கலாக விழுந்தது. கருவியில் போட்ட 1,838 படங்களில் 21 சதவீதத்தை அது படிக்கவே மறுத்துவிட்டது. படிக்க முடியாவிட்டால் கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பது விதி. பிரச்சினையே இல்லாத ஆட்களும் ஒருநாள் வேலையை விட்டுவிட்டுத் தூரத்து ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நிலை. இதைக் கூகுளின் ஆய்வாளர்களே நேரில் போய்ப் பார்த்து, மறைக்காமல் 2020இல் எழுதினார்கள். அப்படி எழுதுகிறவர்களின் கருவியைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

அதனால் யாராவது துல்லியம் இத்தனை சதவீதம் என்றால் நான் கேட்பது இதுதான்: எந்த ஊர் ஆட்களை வைத்துச் சோதித்தீர்கள், விற்பவரைத் தவிர வேறு யாராவது சரிபார்த்தார்களா, அதனால் நோயாளியின் உடல்நிலையில் ஏதாவது மாறியதா? மூன்றாவதற்குப் பெரும்பாலும் பதில் இருக்காது. முகாம் நடத்தியவர்களுக்கும் இதை எழுதிக் கேட்டேன். விளம்பரத் தாளின் பிடிஎஃப் ஒன்றை அனுப்பிவைத்தார்கள். மறுபடியும் எழுதியிருக்கிறேன்.

அக்காவுக்கு ஸ்கேனில் வெறும் நீர்க்கட்டி என்று தெரிந்தது. "இனிமேல் அந்தப் பக்கமே போகமாட்டேன்" என்றாள். நோட்டைத் திறந்து, கருவி சரியாகப் பிடித்த அந்த 9 பேரை அவளுக்கு மறுபடி காட்டினேன். அடுத்த முகாமுக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள், நானும் கூட வரவேண்டுமாம்.