பளபளப்பதா, கீறல் விழுந்ததா?

கேள்வி: சிங்கப்பூரில் செவிலியராக இருக்கிறேன். வயது 46. எனக்கென்று ஒரு நல்ல வாட்ச் வாங்க இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் மனம் வந்திருக்கிறது. இரண்டு கடைகளில் ரோலெக்ஸ் எக்ஸ்ப்ளோரர் 14270 பார்த்தேன். ஒன்று பெட்டி, காகிதங்களோடு 1995இல் விற்றது. புதிது போல மின்னுகிறது, இருட்டில் பச்சையாக ஒளிர்கிறது. டயலின் அடியில் ‘ஸ்விஸ் மேட்’ என்றிருக்கிறது. இன்னொன்று 1997 என்கிறார்கள். பெட்டி இல்லை, நிறையக் கீறல், குறிகள் பழுப்பேறிவிட்டன, இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. அதில் ‘ஸ்விஸ் – டி<25’ என்று பொடி எழுத்து. விலை ஏறக்குறைய ஒன்றுதான். எதை வாங்குவது? ஆண்கள் வாட்ச் என்கிறார்களே, எனக்குப் பொருந்துமா? பிறகு விலை ஏறுமா? – ஒரு வாசகி

பதில்: சகோதரி, இரண்டாவதைத்தான் வாங்க வேண்டும். டயலின் அடியில் இருக்கும் அந்தப் பொடி எழுத்தை நீங்கள் கவனித்து எழுதியதால்தான் என்னால் இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது.

‘டி’ என்பது டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள். 1990களின் பெரும்பகுதி வரை ரோலெக்ஸ் டயல்களில் ஒளிர்வதற்குப் பூசியது அதைத்தான். 1998 வாக்கில் லூமினோவா என்ற கதிரியக்கம் இல்லாத பூச்சுக்கு மாறினார்கள். அந்த மாற்றத்தின்போது சிறிது காலம் டயலில் வெறும் ‘ஸ்விஸ்’ என்றிருந்தது. ‘ஸ்விஸ் மேட்’ அதற்கும் பிறகு வந்தது. அப்படியானால் 1995இல் விற்ற வாட்சில் ‘ஸ்விஸ் மேட்’ டயல் எப்படி வந்தது? ஏதோ ஒரு சர்வீஸில் டயலையும் முட்களையும் மாற்றியிருக்கிறார்கள். அது போலி என்று சொல்லவில்லை, ரோலெக்ஸ் டயலாகவே இருக்கலாம். ஆனால் அந்த வாட்சோடு பிறந்த டயல் அல்ல. சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். அந்தக் கடைக்காரர் விலையைக் கணிசமாகக் குறைத்தால் ஒழிய அதை யோசிக்கவே வேண்டாம்.

இரண்டாவது வாட்ச் இருட்டில் தெரியாததுதான் இயல்பு. டிரிட்டியத்தின் அரை ஆயுள் சுமார் 12.3 ஆண்டுகள். 1997இல் இருந்ததில் இன்று ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சம், அதோடு சேர்ந்து ஒளிரும் பொருளும் தளர்ந்துவிட்டது. பழுப்பு நிறம் அந்த முதுமையின் அடையாளம். டயல் குறிகளும் முட்களும் ஒரே பழுப்பில் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். குறி பழுப்பாகவும் முள்ளின் பூச்சு வெள்ளையாகவும் இருந்தால் முள் மாறியிருக்கிறது. கதிரியக்கம் என்றதும் பயம் வரலாம். டிரிட்டியத்தின் கதிர் மிகப் பலவீனமானது, கண்ணாடியைத் தாண்டி வெளியே வராது.

அடுத்தது கீறல். புதிது போல மின்னுகிறது என்று முதல் வாட்சைப் பற்றி நீங்கள் எழுதியதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒவ்வொரு முறை பாலிஷ் போடும்போதும் எஃகு கொஞ்சம் தேய்கிறது. செயினைப் பிடித்திருக்கும் கால்களை, ‘லக்’ என்பார்களே, அவற்றை மேலிருந்து பாருங்கள். நான்கும் ஒரே பருமனாக, விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும். சில 14270களில் லக்கின் வெளிப்பக்கத்தில் சிறு துளை இருக்கும். அந்தத் துளை விளிம்பை ஒட்டி வந்திருந்தால் நிறையத் தேய்த்திருக்கிறார்கள். கீறலை எப்போது வேண்டுமானாலும் போக்கலாம். போன எஃகைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

செயினைப் பக்கவாட்டில், படுக்கைவாட்டமாகப் பிடித்துப் பாருங்கள். வில் போல வளைந்து தொங்கினால் இணைப்புகள் தேய்ந்துவிட்டன. இந்த மாடலில் செயினின் முனைத் துண்டுகள் உள்ளீடற்றவை, லேசாகச் சலசலக்கும். அது குறையல்ல. அப்புறம், முழுக்கச் சாவி கொடுத்து, ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் கருவியில் வைக்கச் சொல்லுங்கள். ஆம்ப்ளிட்யூட், அதாவது உள்ளே ஆடும் சக்கரத்தின் வீச்சு, 270 டிகிரிக்கு மேல் வந்தால் நல்லது. 220ஐ நெருங்கினால் சர்வீஸ் செலவைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும். நீர்ப்புகாச் சோதனையும் அங்கேயே செய்யச் சொல்லுங்கள். 100 மீட்டர் தாங்கும் என்பது புதிதாக இருந்தபோது சொன்னது.

பெட்டி இல்லையே என்ற கவலை வேண்டாம். பெட்டி தனியாகவும் விற்கிறது. லக்குகளுக்கு நடுவே 6 மணிப் பக்கம் இருக்கும் தொடர் எண்ணைச் செயினைக் கழற்றிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். 1997 என்றால் அது பெரும்பாலும் ‘யு’ எழுத்தில் தொடங்கும். காட்ட மறுக்கிற கடையில் வாங்காதீர்கள். சிங்கப்பூரில் பெனின்சுலா பிளாசா மாதிரி இடத்தில் ஒரே மாடலை நாலு கடையில் கையில் வாங்கிப் பார்க்கலாம். அந்த வசதி எல்லா ஊரிலும் கிடைக்காது. ஒரு சனிக்கிழமை முழுவதும் அதற்குச் செலவிடுங்கள்.

அளவு 36 மில்லிமீட்டர். உங்கள் கைக்கு அழகாக உட்காரும். 2010இல் இதையே 39 ஆக்கிப் பார்த்த ரோலெக்ஸ், 2021இல் 36க்கே திரும்பி வந்தது. ஆண், பெண் கணக்கெல்லாம் இதில் வேண்டாம்.

விலை ஏறுமா என்றால், அதை நம்பி வாங்காதீர்கள். 2022 தொடக்கம் வரை இந்தச் சந்தை தாறுமாறாக ஏறியது, பிறகு இறங்கியது. பத்து வருடம் கட்டிக்கொள்ள ஆசை இருந்தால் வாங்குங்கள்.

வாங்கிய பிறகு சர்வீஸுக்குக் கொடுக்கும்போது ‘பாலிஷ் வேண்டாம், டயலையும் முள்ளையும் மாற்ற வேண்டாம்’ என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் ஒரு முறை வாயால் சொல்லிவிட்டு வந்தேன். புது டயலோடு திரும்பி வந்தது. பழைய டயலைக் கேட்டபோது தூக்கிப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அந்த வாட்சை இப்போதும் கட்டுகிறேன், ஆனால் மணி பார்க்கும்போதெல்லாம் அந்தப் பழைய டயல் ஞாபகம் வருகிறது.